விருந்தாளியை உள்ளே உட்கார வைத்தோம்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். துண்டும் படுக்கை விரிப்பும் கப்பலேறும். அங்கே நான் ஒருத்திதான் பெண். இங்கிலீஷ் கடிதமெல்லாம் என் கையால்தான் போகிறது என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஸ்வீடனிலிருந்து சரக்கு வாங்க வருகிறார்கள் என்றதும் முதலாளி திருநகர் வீட்டிலேயே விருந்து வைத்தார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பாதித் தறி நின்றுவிடும் என்று ஒரு மாதமாகவே பேச்சு. காரிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். முதலாளி ஆணுக்கு மாலை போட்டார். புருஷன் பெண்டாட்டி என்றே எல்லோரும் நினைத்தோம். முதலாளியின் மனைவி அந்த அம்மாளை உள்ளே அழைத்துப்போய், குங்குமம் வைத்து, தலையில் மல்லிகைப் பூவும் வைத்துவிட்டார். பேச்சுத்துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

அந்த அம்மாள் பொறுமையாகத்தான் இருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "பேச்சு எப்போது தொடங்கும்? வாங்குவது நான். அவர் என் உதவியாளர்."

எனக்குப் பகீரென்றது. இதோ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

கூடத்தில் கணக்குப்பிள்ளையும் மற்ற ஆண்களும் சூழ்ந்திருக்க, முதலாளி விரிப்புகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "மேடமும் வரட்டுமே" என்றார் உதவியாளர். "மேடம் ரெஸ்ட் எடுக்கட்டும் சார்" என்றார் முதலாளி, பெரிய மனதோடு. நான் நிலைப்படியில் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வரி. அத்தனை ஆண்கள் நடுவே வாயைத் திறக்க முடியவில்லை.

முதலாளி திரும்பினார். "என்ன தாயி, காப்பி இன்னும் வரலையா?"

"இந்தா கொண்டு வாரேங்கய்யா."

போனேன். காப்பியும் கொண்டுவந்தேன். வெட்கங்கெட்டவள், சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். தட்டோடு நான் நிற்கும்போதுதான் அந்த அம்மாள் தானே கூடத்துக்கு வந்தார். உதவியாளர் சட்டென்று எழுந்து தன் நாற்காலியை அவருக்கு விட்டார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ உள்ளதான தாயி இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா" என்று தலையை ஆட்டினேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் கிடைத்தது. தறிகள் நிற்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்; எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் போல இன்னொரு பெண், அத்தனை தூரம் தாண்டி வேலைக்காக வந்தவர். அவர் யார் என்று சொல்லக்கூட எனக்குத் துணிச்சலில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் முதலாளிக்குக் கை கொடுத்தார். கணக்குப்பிள்ளைக்கும் கொடுத்தார். என் கையும் தானாக நீண்டது. அவர் புன்னகையோடு, வீட்டுப் பெண்களிடம் விடைபெற்ற மாதிரியே, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.