மண்ணில் கால் வைக்கப் பயந்த சம்சாரி

முருகனடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் கொற்கைக்குப் பக்கத்து ஊர்க்காரன். நெல்லும் வாழையும் போடுகிற சம்சாரி. ஆனால் பத்து வருடமாக மண்ணில் வெறுங்கால் வைக்கப் பயந்த சம்சாரி. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குப் பல நாள் அழுகைதான் வந்தது.

அதற்கு முன்னால் ராணுவத்தில் இருந்தேன். கண்ணிவெடி எடுப்பது என் வேலை. சண்டை நடந்த மலைச்சரிவில் மண்டியிட்டு, கம்பியால் மண்ணைச் சாண் சாணாகக் குத்திப் பார்த்துப் போக வேண்டும். ஒரு நாள் காலையில், பின்னால் நின்ற கூட்டாளியை, "பார்த்துட்டேன், வா" என்று கூப்பிட்டேன். பாலக்காட்டுக்காரன், என்னைவிட இளையவன். மூன்றாவது அடியில் அவனுடைய வலது கால் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லாமலே இருந்தேன்.

ஓய்வு பெற்று அப்பாவின் வயலுக்கு வந்தேன். எங்கள் ஊர் மண்ணில் ஒரு விசேஷம் உண்டு. கடல் இன்றைக்கு எங்கேயோ இருக்கிறது. ஆனால் மேல் வண்டலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் பழைய சங்கும் சிப்பியும் கிடக்கும். மண்வெட்டி அதில் பட்டு 'டக்' என்று சத்தம் வந்தால் போதும், வேர்த்து விறுவிறுத்து அப்படியே நின்றுவிடுவேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு நாற்றங்காலில் இறங்குகிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? அது நான்தான்.

எங்கே நடந்தாலும் கண் தரையில்தான் இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து வேறொரு கிறுக்கும் பிடித்துக்கொண்டது. மேல் வண்டலில் ஏன் ஒரு சிப்பிகூட இல்லை? கீழே மட்டும் ஏன் இத்தனை? கிடைத்ததை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். என் மனைவி பேச்சியம்மாள் கேலி செய்வாள்.

"அப்படி என்னத்தத் தேடுதீய? முத்து கெடச்சா எனக்கு ஒரு மூக்குத்திக்காச்சும் தாங்க."

ஒவ்வொரு வைகாசி விசாகத்துக்கும் இருவரும் திருச்செந்தூருக்கு நடந்து போவோம். செருப்புப் போடக் கூடாது. முக்காணிப் பாலம் தாண்டினால் தார் ரோடு கொதிக்கும். எல்லோரும் ஓரத்து மண்ணில் இறங்கி நடப்பார்கள். நான் மட்டும் தாரிலேயே நடப்பேன், உள்ளங்கால் கொப்பளிக்கும். பேச்சியம்மாளும் என்னோடு தாரிலேயே வருவாள். நீ இறங்கிக்கொள் என்றால் கேட்க மாட்டாள்.

சன்னிதியில் என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். முருகா, இந்தப் பயத்தை எடுத்துவிடு. பத்து வருடம் கேட்டேன். அவன் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவனிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் ஊரார் என்னைக் குளத்துப் பாசனச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். குனிந்தபடி நடக்கிறவன் கரையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார்களோ என்னவோ.

பத்தாவது வருடம் மார்கழியில் விடாமல் மழை பெய்தது. இரண்டாம் நாள் குளம் நிரம்பித் தளும்பியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கீழத்தெருக்காரர்கள் எல்லோரும் கரைக்குக் கீழே இருந்த கல்யாண மண்டபத்தில் ஒதுங்கியிருந்தார்கள். கைக்குழந்தைகள், நடக்க முடியாத வயசாளிகள், அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள். மடை திறந்து அடைக்கிற சுடலை மத்தியானம் என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, சனமெல்லாம் பயப்படுதாவ. கரை தாங்கும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தை. பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது? மேலிருந்து பார்த்தால் கரையில் ஒரு கீறல்கூட இல்லை. கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர். தரை தெரியவில்லை. பூட்ஸ் சேற்றில் புதைந்து இழுத்தது. கழற்றிப் போட்டேன். கால் நகரவில்லை. "முருகா, பயம் இருந்துட்டுப் போகட்டும். காலை மட்டும் நகர்த்து" என்று வாய்விட்டே கேட்டேன்.

கால் நகர்ந்தது என்பதைவிட, நான் மண்டியிட்டேன் என்று சொல்வதுதான் சரி. சுடலை கையில் இருந்த கம்பை வாங்கி, பழையபடி சாண் சாணாகக் குத்திக்கொண்டே கரையடியில் ஊர்ந்தேன். ஓர் இடத்தில் கம்பு வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. அங்கே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கையில் அள்ளினேன். உள்ளங்கையில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் தூள்.

வண்டலில் சிப்பி கிடையாது என்பது என் பிஸ்கட் டின்னுக்குத் தெரியும். அப்படியென்றால் தண்ணீர் கரைக்கு அடியில் நுழைந்து, ஆழத்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. மேலிருந்து பார்க்கிற எவனுக்கும் இது தெரியாது.

"சுடலை, ஓடு! மண்டபத்துல ஒரு ஆளு இருக்கப்பிடாது. பள்ளிக்கூடத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போ!"

வயசாளிகளைக் கட்டிலோடு தூக்கினார்கள். "ஒல கொதிக்கும்போதா கெளப்புவாவ?" என்று பேச்சியம்மாள் திட்டிக்கொண்டே ஒரு குழந்தையை இடுப்பில் வைத்து நடந்தாள். நாங்கள் சிலர் அந்த இடத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினோம். பாதிகூட முடியவில்லை. கடைசி ஆள் மேடேறிச் சிறிது நேரத்தில் கரை ஒரு வண்டி அகலத்துக்கு உட்கார்ந்தது. மண்டபத்துக்குள் ஆளுயரத் தண்ணீர். உள்ளே இருந்தது அரைவேக்காட்டுச் சோறு மட்டும்தான். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். நான் கேட்டபோதே அவன் அந்தப் பயத்தை எடுத்திருந்தால், நான் குனிந்து நடந்திருப்பேனா? சிப்பி பொறுக்கியிருப்பேனா? இதை அவன் எத்தனை வருடம் முன்னாலேயே யோசித்து வைத்தான்? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுவாரம் பாலக்காட்டுக் கூட்டாளிக்குப் போன் செய்தேன். பத்து வருடத்தில் முதல் தடவை. இருவரும் சரியாகப் பேசவே இல்லை, அழுதுதான் தீர்த்தோம்.

அடுத்த விசாகத்தில் முக்காணிப் பாலம் தாண்டியதும் நின்றேன். தார் கொதித்தது. ஓரத்து மண்ணை ஒரு நிமிடம் பார்த்தேன். வலது காலை வைத்தேன். பிறகு இடது கால். பேச்சியம்மாள் தாரிலேயே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, பாத்துட்டேன், வா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

அன்பர்களே, கேட்டது கிடைக்கவில்லையே என்று அவனை விட்டுவிடாதீர்கள். சண்டை போடுங்கள், கேள்வி கேளுங்கள், ஆனால் கேட்டுக்கொண்டே இருங்கள். வருகிற விசாகத்துக்கு எங்களோடு நடந்து வாருங்கள். ஓரத்து மண் நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது.