நிரம்பியே இருந்த பாட்டில்கள்

எலியக்கா என்றால்தான் அந்த ஆய்வகத்தில் ஆளைத் தெரியும். பத்தொன்பது வருடமாக எலிக்கூடத்தில் வேலை. மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்களாம், அதுவும் ஒரு வசதிதானே என்பாள்.

அந்த முறை வந்தது மக்காச்சோளம். மரபணு மாற்றிய ரகம், புழு அண்டாது என்று பேச்சு. மனுஷர் சாப்பிடலாமா, கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போடலாமா என்று பார்க்க, தொண்ணூறு நாள் எலிகளுக்குக் கொடுப்பார்கள். நாலு வரிசைக் கூண்டு, நாலு நிறச் சீட்டு. ஒரு நிறத்துக்குப் புதுச் சோளம், மற்ற மூன்றுக்கும் பழைய ரகங்கள். எது எந்த நிறம் என்று கூண்டைத் தொடுகிற யாருக்கும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும், மனுஷக் கைதானே!

தினமும் காலையில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, அதன் குழாய் நுனியை விரலால் தட்ட வேண்டும். சொட்டு விழுந்தால்தான் பதிவேட்டில் டிக். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் எலி எவ்வளவு நக்கினாலும் தண்ணீர் வராது. ஆனால் ஒவ்வொரு டிக்குக்கும் கையுறையைக் கழற்றிப் பேனாவைப் பிடித்து, மறுபடி மாட்டி, எண்பது கூண்டுக்கு எண்பது தடவை யாரால் ஆகும்? எலியக்கா முதலிலேயே பக்கம் முழுக்க டிக் போட்டுவிட்டு, அப்புறம் தட்டிக்கொண்டே போவாள். ஒரு கூண்டைக்கூட விட்டதில்லை. அதனால் அது தப்பு என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

எண்பத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. எல்லாப் பாட்டிலையும் மாட்டிவிட்டு, மூன்று வரிசை தட்டி முடித்துப் பச்சைச் சீட்டு வரிசைக்கு வரும்போது சுவரிலிருந்த போன் அடித்தது. பெயின்டரான அவள் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மாற்று ஆள், தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே என்று தானும் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை அவள் வந்து பார்த்தால், பச்சை வரிசையில் ஐந்து பாட்டில்கள் மாட்டியபடியே நிரம்பி இருந்தன. பத்து எலிகள் முதுகைக் குறுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தன. அடிப் பாவி என்று தன்னையே ஏசிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள். அவை குடித்த குடியைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. நடந்ததை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

தொண்ணூறு நாள் முடிந்ததும் எல்லா எலிகளையும் கொன்று உள்ளுறுப்புகளைச் சோதித்தார்கள். பச்சை வரிசையில் சில எலிகளுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. எது எந்த நிறம் என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்தால், பச்சைதான் புதுச் சோளம்.

செய்தி கசிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த வீட்டுக்காரருக்கு அந்தச் சோளத்தின் மேல் ஆரம்பத்திலிருந்தே பயம். நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், விஷத்தைக் கண்டுபிடித்ததே என் பொண்டாட்டிதான் என்று பெருமையடித்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தச் சோளம் நல்லதோ கெட்டதோ, செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டிக்கப் போகிறார்கள். சொன்னால் வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். எழுந்து நிற்க முடியாத மனுஷனைக் கொண்டுபோய் எங்கே கிடத்துவது? நாலு நாள் மென்று விழுங்கினாள்.

அறிக்கை அனுப்புகிற அன்று டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். எல்லா ஆய்வுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"டாக்டரம்மா, அது சோளம் இல்ல. தண்ணி. நான்தான் தட்டாம விட்டுட்டேன்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா கோபிக்கவே இல்லை. நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டும், இன்னும் நூற்றறுபது எலி சாக வேண்டும், ஆனால் வேலை போகாமல் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எலியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"தட்டலைன்னா டிக் எப்படிக்கா வந்துச்சு?"

"அத மொதல்லயே போட்டுருவேன்."

"அன்னிக்கா?"

"தினமும்தான். வேலைக்குச் சேந்ததுலேருந்து."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அலமாரியில் பத்தொன்பது வருடப் பதிவேடுகள். குழந்தைப் பால் மாவு, எண்ணெய், இருமல் மருந்து, மிட்டாய்க்குப் போடும் சாயம். எல்லாம் தேறிக் கடைக்குப் போய், ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஆய்வு போனால் திரும்பச் செய்யலாம். இது அத்தனையும் போனால்?

"மத்த நாளெல்லாம் தட்டினேன் டாக்டரம்மா. எம் பிள்ளைங்க மேல சத்தியமா."

"நான் நம்பறேன். வேற யாரு நம்புவா?"

ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் நகர்த்தினார் டாக்டரம்மா.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான்னு எழுதுங்க."

எலியக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். வீட்டில் கிடக்கிறவரை நினைத்தாள். பேனாவை எடுத்து, அன்று ஒரு நாள் மட்டும் என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தில், பொய் என்று தெரிந்தே அவள் எழுதியது அது ஒன்றுதான். கீழே டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.