பொட்டுக்கு அடியில் இருந்த கயிறு

மகளுக்குத் தோள்பட்டை எலும்பு கூடிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டில் பழைய மோட்டார் வண்டிகளின் படங்கள் வந்து குவிந்தன. அவள்தான் கேட்டு வாங்கினாள். கள்ளக்குறிச்சி வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி, உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், "யார் வூட்ல பழைய கார், மோட்டார் சைக்கிள் போட்டோ இருந்தாலும் அனுப்புங்க" என்று பேசி அனுப்பினாள்.

அவள் வெள்ளிமலைப் பக்கம் கிராமச் செவிலியராக இருக்கிறாள். மலைப்பாதை வளைவு ஒன்றில், மழை அரித்துக்கொண்டுவந்து போட்ட சரளையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்துவிட்டாள். ஒரு ஜீப்காரர் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அவளுடைய எண்ணிலிருந்து வேறொருவர் குரல் பேசிய அந்த நிமிடத்துக்குப் பிறகு, ஃபோன் அடித்தால், எடுப்பதற்கு முன் அவள் வீட்டில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

எலும்பு கூடியதும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். மலைமேல் சிற்றூர்களுக்கெல்லாம் பஸ் போகாது. வண்டி இல்லாமல் அந்த வேலை பார்க்க முடியாது. எனக்கோ அந்த வண்டி கண்ணிலேயே படக் கூடாது. அது மெக்கானிக் கொட்டகையில் கிடந்தது. அவளிடம் சொல்லாமல், விலைக்கு ஆள் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த மனநிலையில் வண்டிப் படங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்க்க ஆரம்பித்தபின் விட முடியவில்லை. ஒரு படத்தில் தென்பெண்ணை ஆற்று மணலில் தென்னங்கீற்று பரப்பி அதன்மேல் ஒரு கார் நிற்கிறது. முன்னால் மாடுகள் பூட்டியிருக்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், தானே ஓட்டி அக்கரை சேர்க்கப் போவதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் கோட்டும் தலைப்பாகையும் வேட்டியுமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். ரப்பர் பந்து வைத்த ஹார்ன். பின்சக்கரத்தைச் சுழற்றுவதற்கு ஒரு தோல் பட்டை. நான் முதலில் தேடியது பிரேக்கை. முன்சக்கரத்தில் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

"இத எப்படிம்மா நிறுத்தியிருப்பாங்க?"

"போட்டோல பாருங்கப்பா, எல்லா வண்டியும் நின்னுக்கினுதானே இருக்குது" என்றாள்.

உண்மைதான். வந்த படங்களில் ஒன்றில்கூட ஓடும் வண்டி இல்லை.

ஆயுத பூசைக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டுப் படத்தின் முறை வந்தது. அது பூசை அறையில் மாட்டியிருப்பது. மணலூர்பேட்டையில் என் தாத்தா, அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நிற்கிறார். வண்டிக்கு மாலை போட்டிருக்கிறது. வண்டி வாங்கிய அன்றைக்கு எடுத்த படம் என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். வண்டி இப்போது இல்லாததால் ஆயுத பூசையன்று படத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைப்போம். பழைய பொட்டைத் துடைக்கக் கூடாது, அதன்மேலேயே புதுப் பொட்டு வைக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். கண்ணாடியில் அவை வரட்டியைப் போலத் தடித்துப் போயிருந்தன.

"இன்னாப்பா இது, வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி! போட்டோ எடுத்தா ஒண்ணுமே தெரியலை. தொடைங்க."

தயங்கித்தான் ஈரத்துணியை எடுத்தேன். சக்கரத்தின் மேலிருந்த பொட்டு கரைந்ததும் மட்கார்டு தெரிந்தது. நசுங்கி, சக்கரத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கில் கண்ணாடி இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த பெரிய பொட்டு லேசில் போகவில்லை. அது போனதும் ஒரு கயிற்று முடிச்சு வெளிப்பட்டது. மகள் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, கயிறு போன வழியிலேயே விரலை நகர்த்தினாள். அது படத்தின் ஓரத்தில் இருந்த மாட்டு வண்டியின் பின்பக்கத்தில் போய் முடிந்தது. அந்த மாட்டு வண்டியை இத்தனை வருஷமாக நான் பார்த்திருக்கிறேன். ஏதோ வழியில் போன வண்டி என்று நினைத்திருந்தேன்.

மணலூர்பேட்டையில் இருக்கும் அத்தையைக் கூப்பிட்டேன். தாத்தாவின் பிள்ளைகளில் இப்போது இருப்பவர் அவர் ஒருவர்தான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள் மகள்.

"வாங்கின அன்னைக்கா? எவன் சொன்னான்? அது வித்த அன்னைக்கு எடுத்ததுடா" என்றார் அத்தை. "ஆத்து மணல்ல உருண்டுட்டாராம் எங்கப்பா. ஒடம்புக்கு ஜாஸ்தி ஒண்ணுமில்ல. ஆனா அவரோட அப்பா, எங்க தாத்தா இருக்காரே, இந்தச் சனியன் இனிமே வாசல்ல நிக்கக் கூடாதுன்னுட்டாரு. திருக்கோவிலூர்ல ஒருத்தருக்குத் தள்ளி வுட்டுட்டாங்க."

"அப்புறம் மாலை எதுக்கு ஆயா?" என்றாள் மகள்.

"மாட்ட வித்தா பொட்டு வச்சு, மாலை போட்டுத்தானே கயித்த மாத்திக் குடுப்போம்? இதுக்கும் அப்டித்தான் செஞ்சாங்களாம்."

"அதுக்கப்புறம் அவரு வண்டியே ஓட்டலியா?"

"எங்க ஓட்ட வுட்டாங்க? வெளியூருக்கு மோட்டார்ல போனவரு, மாட்டு வண்டியில களத்துக்கும் வூட்டுக்கும் போய்க்கினு இருந்தாரு. கோவத்துல அந்தப் போட்டோவ அவரு ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. நாங்கதான் பொட்டு வச்சு வச்சுக் கும்புட்டோம்."

ஃபோனை வைத்தபின் மகள் படத்திலிருந்த கயிற்றை மறுபடி பெரிதாக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"மாலைக்குச் சொல்லியாச்சாப்பா? கயிறு நம்ம வூட்லயே இருக்குதா, வாங்கணுமா?"

கையிலிருந்த ஈரத்துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"மெக்கானிக் அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு. நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"பயமா இருக்கும்மா" என்றேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது அது.

"எனக்கும்தான் இருக்குது" என்றாள்.

அவள் எதிரிலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, விற்க வேண்டாம், சரி செய்யுங்கள் என்றேன். "பாப்பா சொல்லி அது ரெடியாகி நாளாச்சு சார்" என்றார். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிக்கினு இருந்தேன்."

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன வாரத்தில் அவள் கிளம்பினாள். விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஏறுங்க, காட்டறேன்" என்றாள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மலை ஏற ஏற அவள் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தாள். எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்றாள். நான் இருப்பதற்காக அப்படி ஓட்டுகிறாளா, எப்போதும் இப்படித்தானா என்று தெரியவில்லை.

ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதாம்பா" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். இத்தனை நாளும் என் கண்ணுக்குள் அது பெரும் பள்ளமாக இருந்தது. இங்கே ஒரு வளைவு, ஓரமாகக் கொஞ்சம் சரளை, அவ்வளவுதான். தினை மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று எங்களைக் கடந்து இறங்கியது. சரளையைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினேன். தள்ளத் தள்ள மேலிருந்து இன்னும் கொஞ்சம் உருண்டு வந்தது.

"எவ்ளோ நேரம்பா தள்ளுவீங்க? மேல தடுப்பூசி போட வெயிட் பண்ணிக்கினு இருப்பாங்க."

வந்து ஏறிக்கொண்டேன். "போலாமா?" என்றாள்.

"போம்மா" என்றேன்.