வாரத்துக்கு விட்ட கோழிகள்

ஜவளகிரியை விட்டு நடக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. நாலு மணி பஸ் வரவில்லை. சிமெண்டுச் சாக்கில் ஓட்டை போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்ட சேவல் ஒன்று என் கக்கத்தில் இருந்தது. யானை இறங்குவதற்குள் காட்டு ரோட்டைத் தாண்டிவிட வேண்டும். அதைவிட, சேவலைக் கொடுத்தவர் பிறகு சொன்னதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்பதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. தளிக்கும் ஓசூருக்கும் நடுவே ஒரு ஊரில் கோழி வளர்ப்பவர். ஓசூரில் நான் காண்ட்ராக்டில் இருந்த கம்பெனி, ஆர்டர் குறைந்ததும் எங்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டது. ரூமைக் காலி செய்துவிட்டு பதினோரு நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். பிறகு அக்கா வீட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாற்றப் போனேன். வேலை இரண்டு நாளில் முடிந்தது. கோழிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார். தீவன மூட்டை வைக்கும் அறையில் தங்கிவிட்டேன். ஆறு மாதம் ஆயிற்று. ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் இருப்பது அபூர்வம்.

அங்கே ஐம்பது கோழிக்கு மேல் இருந்தன. எல்லாம் ஒரே செவலைச் சேவலின் வழி. அந்தச் சேவலை அக்கா அதன் மகள்களோடு சேர்த்தார், பிறகு பேத்திகளோடு சேர்த்தார். அது செத்ததும் அதன் மகன்களில் பெரியதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றார். முதல் சில வருடங்கள் கோழிகள் பெரிதாகி, ஒரே நிறமாகி, பெங்களூரிலிருந்து காரில் வந்து வாங்கினார்களாம். பிறகு முட்டைகள் பொரியாமல் போகத் தொடங்கின. நான் வந்த சமயத்தில் பதினைந்து முட்டை அடை வைத்தால் ஐந்தாறு குஞ்சு வரும். அதிலும் ஒன்றிரண்டுக்கு அலகு மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தாது. தீனி பொறுக்க முடியாமல் நாலைந்து நாளில் செத்துவிடும்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு வருடம் முட்டைக்கு டார்ச் அடித்துக் கரு பார்க்கும் வேலை செய்திருக்கிறேன். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகிறது, சேவலை மாற்றுங்கள் என்றேன்.

"நான் கட்டுனதே எங்க தாய்மாமனத்தான் தம்பி. எம்புள்ளைங்களுக்கு மூக்கு கோணலாவா இருக்குது?"

"நீங்க ஒரு வாட்டி கட்டுனீங்க. இது மவளையும் கட்டி, பேத்தியையும் கட்டியிருக்குதுக்கா."

அக்கா சிரித்துவிட்டார். "வாய மூடிக்கினு தீனி போடு" என்றார்.

அடுத்த அடையில் பதினாறு முட்டைக்கு இரண்டே குஞ்சு. அன்று அக்கா சிரிக்கவில்லை. "வியாழக்கெழம கோழி ஏத்தற வேன் வருது. அதுக்குள்ள வேற சேவல் கெடச்சா பாக்கறேன். இல்லன்னா அம்பதையும் ஏத்தி உட்டுட்டு மறுபடி கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போறேன்." அந்த வேலையை விடுவதற்காகத்தான் அவர் கோழி வளர்க்கவே ஆரம்பித்தது.

புதன்கிழமை, மாற்றிக்கொள்ள இரண்டு பெட்டைகளை எடுத்துக்கொண்டு, தூரத்துச் சேவலாக இருக்கட்டும் என்று, பஸ் போகிற கடைசி ஊரான ஜவளகிரிக்குப் போனேன். காட்டோரம் ஒரு வீட்டில் அகன்ற நெஞ்சோடு ஒரு சேவல் நின்றது. இதுவும் செவலைதான். இந்தப் பக்கம் பாதிச் சேவல்கள் செவலை, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். பெட்டைகளை வாங்கிக் கூண்டில் போட்டுக்கொண்டு சேவலைப் பிடித்துக் கொடுத்தார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று அப்புறம்தான் கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம அக்கா வீடா? அவங்க வாரத்துக்கு உட்ட பெட்டதான் இதுக்கு அம்மா. அப்பனும் அங்க வாங்குனதுதான். வேற கோழிய நான் உள்ள சேக்கறதே இல்ல. அக்காவ கேட்டேன்னு ஹேளு."

வாரத்துக்கு விடுவது என்றால், பெட்டையை ஒரு வீட்டில் வளர்க்கக் கொடுத்து, பொரிக்கும் குஞ்சில் பாதியை வாங்கிக்கொள்வது. அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் சேவலைத் திருப்பி நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நல்ல ரத்தம்ப்பா. இத வேணாங்கறியே, உனக்குக் கோழி தெரியுமா?"

அவர் திருப்பி வாங்கவில்லை. சேவலோடு நடந்தேன்.

தளிக்கு முன்னால் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வீடு சேர்ந்தபோது அக்கா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். சேவலைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சை அழுத்திப் பார்த்தார், அவருக்குப் பிடித்துவிட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் படுக்க இடம் இருந்திருக்கும். ஆனால் அடுத்த அடையிலேயே முட்டை காட்டிக் கொடுத்துவிடும். அதனால் சொன்னேன். பெரிய நேர்மை எல்லாம் இல்லை.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். வாரத்துக்கு விட்ட வீடுகளை விரல் மடக்கி எண்ணினார். தேன்கனிக்கோட்டையில் இரண்டு வீடு, கெலமங்கலத்தில் மூன்று, ஆனேக்கல்லில் நாத்தனார் வீடு. அதற்கு மேல் எண்ணவில்லை.

"சுத்துப்பட்டு பூரா எங்கோழிதான் போல" என்றார். "எங்க போய்த் தேடுவ நீ?"

வேனில் எல்லாம் போய்விடும் என்று நினைத்து, என் துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை ஆறரைக்கு வேன் வந்தது. அக்கா முடிவு செய்துவிட்டிருந்தார்.

"சேவல மட்டும் ஏத்திக்கோ. பெரிசு, சிறுசு, நேத்து வந்தது, எல்லாம் சேத்து எட்டு. பெட்டைங்க இருக்கட்டும், முட்டையாவது போடும்."

"அம்பதுன்னு சொல்லி வர வச்சிட்டு எட்டா? நல்லாருக்குதுக்கா உங்க நாயம்" என்றார் டிரைவர். அவருடைய ஆள் வேலையை விட்டு நின்றிருந்தான். அதனால் நானே பிடித்துக் கொடுத்தேன். அவர் என்னையும் என் பையையும் பார்த்தார்.

"கூட வர்றியா? இன்னிக்கு பாரூர் போயி, அப்படியே சிங்காரப்பேட்ட வரைக்கும்."

நான் சரி என்பதற்குள் அக்கா சொன்னார். "போ. அந்தப் பக்கம் எனக்கு ஒருத்தரும் இல்ல, எங்கோழியும் போயிருக்காது. ஒரு சேவல் பாத்து வேன்லயே குடுத்தனுப்பு. வாங்கறதுக்கு முன்னாடி அது எங்கிருந்து வந்ததுன்னு கேளு. வாங்குன பின்னாடி கேக்காத."

ஊருக்குள் வேன் நின்றதும் இறங்கிக் கோழி பிடிப்பது, காலைக் கட்டுவது, நசுங்காமல் கூண்டில் அடுக்குவது. இதுதான் வேலை. சாப்பாடு டிரைவர் பொறுப்பு. பாரூரில் ஏரிக் கால்வாய் ஓரமாக முதல் வீட்டில் நிறுத்தினோம். நான் கோழியைத் தொடாமல், ஒரு சேவலைக் காட்டி, இதற்கு அப்பன் யார் வீட்டுச் சேவல், ஆத்தா யார் வீட்டுப் பெட்டை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் கூண்டைத் தட்டினார். "டேய், கோழி புடிக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

அது இன்னும் தள்ளி, அரூர் சந்தையில் வாங்கியது என்றார் வீட்டுக்காரர். அக்காவுக்கு அனுப்பும் சேவலுக்கென்று கூண்டு ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, நான் பிடிக்கப் போனேன்.