சாம்பலில் ஒரு பாதமும் ஒரு குதிகாலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் நடந்தது இது. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு சிற்றூர் என்னுடையது. நாற்பத்தாறு வயதாகியும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனசு என்னை நெய்வேலிக்குக் கொண்டுவந்து விட்டது. மந்தாரக்குப்பத்தில், தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் வளர்கிற பிள்ளைகளுக்காகச் சிலர் ஒரு வாடகை வீட்டில் பகல்நேர இல்லம் நடத்திவந்தார்கள். எழுத்து சொல்லித்தரவும் மதியச் சோறு பரிமாறவும் ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் என்று சொல்லி வந்தேன். மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள்.

ஊர் பழக ஒரு மாதம் ஆனது. வெள்ளைத் துணியை வெளியே காயப்போடக் கூடாது. மாலையில் எடுத்தால் பழுப்பாகியிருக்கும். ஷிஃப்ட் சங்கு ஊதினால் கடைத்தெரு முழுக்க சைக்கிளும் பைக்குமாக இருக்கும், சாலையைக் கடக்க முடியாது. விடிகாலையில் பின்வாசல் சிமென்ட் படியில் மாவு சலித்தது போல அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கும். மதியத்தில் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். சத்தம் வருவதற்கு முன்பே தரை ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும், ஈ உட்கார்ந்த மாட்டின் தோலைப் போல. நான் மட்டும் பதறி எழுந்து நிற்பேன்.

"இன்னா மலேசியா, பயந்துட்டியா?" என்பான் ஒரு வாண்டு.

"மிஸ்ஸுன்னு கூப்புடுடா, வாய மூடிக்கினு துன்னு" என்று சமையல் அக்கா அதட்டுவார். பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும்.

பிள்ளைகள் பதினாலு பேர். ஒருநாள் தட்டுகளை எண்ணினேன். பதினைந்து இருந்தன.

"இது யாருக்கு?"

"அவளுக்கு" என்றாள் பெரியவள். பதினொரு வயதிருக்கும், பிள்ளைகளுக்கெல்லாம் தலைவி.

"எங்கே அவள்?"

அந்தத் தட்டிலும் சோறு விழும்வரை பதினாலு பேரும் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசத்துக்குத் திரும்பிய நேரத்தில் தட்டைக் காணோம். பாடம் முடிந்து போய்ப் பார்த்தால், பின்பக்கக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

சமையல் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன ஐப்பசியில ஒரு பொண்ணு லாரியில அடிபட்டுப் போயிடுச்சும்மா. இதுங்களோடதான் சுத்திக்கினு இருந்துச்சு. அதுக்குப் படைக்குதுங்க போல. வுடுங்க, கண்டுக்காதீங்க."

படையல் எனக்குப் புதிதில்லை. என் தங்கை ஏழு வயதில் ஆற்றோடு போனவள். அம்மா அவளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இலை போடுவார், இருபது வருடம் போட்டார். அந்த இலைக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம். ஆளில்லாத இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அதன் அருகே உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அந்த இலைக்குப் பயந்துதான் ஊர் ஊராக ஓடுகிறேனோ என்றுகூடத் தோன்றுவதுண்டு. கடல் தாண்டி வந்தும் அது எனக்கு முன்பே வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம்தான் கால்தடங்களைப் பார்த்தேன். பின்வாசல் படியில், படிந்திருந்த சாம்பலின் மேல், ஒரு குழந்தையின் வலது பாதம் ஐந்து விரல்களோடு முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில் இடது காலுக்குப் பதில் ஒரு சின்ன வட்டம், குதிகால் மட்டும். பாதம், வட்டம், பாதம், வட்டம் என்று கேட்டிலிருந்து குழாய்வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தது. தெரு இன்னும் விழிக்காத நேரம். மதில்மேல் ஒரு மயில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் நொண்டி நடக்கிற பிள்ளை யாருமில்லை.

மூன்று விடியல்கள் அதே தடம். சமையல் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "லாரி ஏறுனது எடது காலுலதாம்மா" என்றார். அன்றே பின்கேட்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டினோம். கேட்டின் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார் அவர்.

மதியம் நான் பிள்ளைகளிடம் பேசினேன். போனவர்களைப் போகவிட வேண்டும், பிடித்துவைத்தால் அவர்களுக்கும் நிம்மதியில்லை என்று, என் அம்மாவிடம் சொல்லத் துணியாததையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். இனிமேல் பதினாலு தட்டுதான் என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். ஒரு பொடியன் சோற்றை உருண்டை பிடித்துச் சட்டைக்குள் மறைத்தான். அதையும் எடுக்கவைத்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன்.

மறுநாள் படியில் சாம்பல் மட்டும் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே, ஒரு கோடுகூடக் கலையாமல். "பாத்தீங்களா" என்றார் சமையல் அக்கா. வந்ததிலிருந்து முதல்முறையாக, அந்த இரண்டு இரவுகளும் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கத்தோடு எழுதுகிறேன் இதை.

மூன்றாம் நாள் மதியம், வெடியில் தரை அதிர்ந்து அடங்கிய நேரத்தில், பெரியவள் வந்து என் முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"மிஸ், அவ எழுந்திரிக்க மாட்டேங்குறா."

"யாரு?"

"அவதான். பிஸ்கட் குடுத்தோம், வாந்தி எடுத்துட்டா. ஒடம்பு கொதிக்குது."

"லாரியில அடிபட்டாளே…"

"அது வேற பொண்ணு மிஸ்!" என்று கத்தினாள். "படியில கால் தடத்தப் பாத்தீங்கல்ல? பேய்க்கு ஏது காலு? அதுகூடவா உங்க ஊர்ல தெரியாது?"

ஓடினோம். மந்தாரக்குப்பம் முடிந்து சுரங்க ஊழியர்களின் நகரியம் தொடங்குகிற இடத்தில் ஆளில்லாத பழைய குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்று இருந்தது. கதவுகள் இல்லை, ஜன்னல்கள் இல்லை. சுவரில் வீட்டு எண் மட்டும் இன்னும் அழியாமல் யாருக்கோ காத்திருந்தது. வேப்பஞ்சருகு முழங்கால்வரை கிடந்தது. உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு. சமையல் மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்கிற பொந்தைப் பெரியவள் காட்டினாள். குனிந்தேன். சாம்பல் நிறத்தில், தலைமுடியும் இமையும் சாம்பலாக, மடங்கிக் கிடந்தது ஓர் உருவம். இடது காலின் விரல்களில் கந்தல் சுற்றி, அது கறுத்திருந்தது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன், மறுபடியும். அப்போது கண் திறந்தது.

"நீதான் மலேசியாவா?" என்றாள். பிறகு, "என்ன அந்த வூட்டுக்கு அனுப்பிடாத."

வெளியூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க விடப்பட்டிருந்தவளாம். அங்கிருந்து ஓடிவந்திருக்கிறாள். வழியில் தகரம் கிழித்துக் காலில் புண். எங்கள் பிள்ளைகள் கண்டெடுத்து ஒளித்துவைத்தார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். பெரியவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எது நடந்தாலும் உங்க வூட்டுக்குச் சொல்லிடுவோம்னு மொத நாளே சொன்னீங்களே" என்றாள். சொல்லியிருந்தேன். பொறுப்பானவள் என்று காட்டிக்கொள்ளச் சொன்ன வார்த்தை அது. பிள்ளைகள் சோறு கொடுத்தார்கள். தண்ணீருக்கு அவளே விடியலில் ஒற்றைக் குதிகாலை ஊன்றி எங்கள் குழாய்க்கு வந்துபோயிருக்கிறாள். இரண்டையும் நான் ஒரே நாளில் நிறுத்தியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று. அங்கிருந்தவர்களில் அதற்குச் சரியான பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்று நாள் என்றேன். சமையல் அக்கா சுவரில் சாய்ந்து அழுதார்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் நின்று, அந்த வீட்டுக்கு மட்டும் இவளை அனுப்பாதீர்கள் என்று சொல்ல முடிந்தது, அனுப்பவில்லை. இப்போது ஒரு விடுதியில் தங்கி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போனில் பேசும்போது இன்னமும் என்னை மலேசியா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நானும் ஊர் திரும்பிவிட்டேன். எல்லோரும் கேட்கிறார்கள், அந்தப் பாழடைந்த குவார்ட்டர்ஸுக்குள் போகப் பயமாக இல்லையா என்று. அங்கே பயமில்லை. கண்ணில் படாத ஒரு குழந்தை செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்று அத்தனை சுலபமாக நம்பி, நிம்மதியாகத் தூங்கியும் போன அந்த இரண்டு இரவுகளை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பகலிலேயே உடம்பு நடுங்குகிறது.