கட்டாத தெருவில் சிலிண்டர்காரர் பேசியது

அந்தத் தெருவில் இருபது வருடமாகச் சிலிண்டர் போடுகிறவரின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. மணி அடிப்பார், காலியை எடுப்பார், நிறைந்ததை வைப்பார், ‘ம்’ என்பார். வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அதனால் அவருக்கு வாய் வலிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

ஒருநாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. தெருவை அடியோடு மாற்றப் போகிறார்களாம். பொதுக்கூடத்தில் கணினிப் படம் காட்டும் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு, இன்னும் கட்டாத தெருவுக்குள் நடந்து பார்த்துக் கருத்துச் சொல்லலாமாம்.

“உங்களவிட அந்தத் தெருவுல நடந்தவங்க யாரு? போய் நாலு வார்த்த சொல்லிட்டு வாங்க. வாயத் திறக்காம வந்தா நானும் கதவத் திறக்க மாட்டேன்” என்றாள் மனைவி.

“ம்” என்று கிளம்பினார்.

கூடம் நிறைந்திருந்தது. அவருக்கு முன்னால் கண்ணாடி மாட்டிய ஒருவர், படத்தில் தெரிந்த பெஞ்சில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்து இவர் முறை. கண்ணை மூடிய கண்ணாடி, காதை மூடிய ஹெட்போன் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, “என்ன தோணுதோ அப்படியே சொல்லுங்க சார், பதிவாகும்” என்றாள் இளம் இன்ஜினியர்.

இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார்.

“தோள் சும்மா இருந்தா எனக்கு நடை வராது.”

கூடத்துச் சமையலறையிலிருந்து ஒரு காலி சிலிண்டரைக் கொண்டுவந்து தோளில் ஏற்றினார்கள். முன்வரிசை நாற்காலிகள் தாமாகவே பின்வாங்கின.

இப்போது அவர் கண்முன் பளிச்சென்று ஒரு தெரு. மரங்கள், தொட்டிகள், ஒரு ஈ காக்கை இல்லை. ஆளில்லாத இடத்தில் அவருக்கு என்ன கூச்சம்? இருபது வருடப் பேச்சும் மடை திறந்து வந்தது.

“மரமெல்லாம் சரிதான். ஆனா வாசலுக்கு வாசல் பூந்தொட்டி வச்சு மறிச்சா நான் பறந்தா வர்றது? இந்த முக்குல ஒரு குட்டைச் சுவர் இருந்துச்சு, இடுப்பு உயரம். சிலிண்டர அதுல சாய்ச்சு மூச்சு வாங்குவேன். அதக் காணோம். முழங்கால் உயரத்துல பெஞ்சு போட்டு வச்சிருக்காங்க. இதுல இறக்கினா திரும்பத் தூக்க நான் யாரக் கூப்பிடுவேன்?”

இன்ஜினியர் விறுவிறுவென்று எழுதினாள்.

“இது பேங்க் மேனேஜர் வீடு. பாவம் மனுஷன். சர்க்கரைன்னு வீட்டம்மா இனிப்பையே கண்ணுல காட்டறதில்ல. சிலிண்டருக்குப் பின்னாடி பிஸ்கட் டப்பாவ ஒளிச்சு வச்சிருக்கார். நான் போனா டப்பாவ நகர்த்திட்டு, வாயில விரல் வச்சுக் காட்டுவார். நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?”

கூடமே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் மேனேஜர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“எந்த டப்பா?” என்றாள் அவர் மனைவி, மெல்ல.

“சின்ன டப்பாதான்” என்றார் மேனேஜர்.

“அடுத்து மாடி வீடு” என்று சிலிண்டர்காரர் தொடங்கியதும், மாடி வீட்டுக்காரர் பாய்ந்து வந்து, “போதும்மா, மொதல்ல அதக் கழட்டுங்க” என்று இன்ஜினியரிடம் கெஞ்சினார்.

கண்ணாடி கழன்றது. தெரு மறைந்து, அறுபது முகங்கள் தெரிந்தன. சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“பேசினீங்களா?”

“கொஞ்சம் அதிகமாப் போச்சு.”

அடுத்த வாரம் மேனேஜர் வீட்டுக்குப் போகக் கால் கூசியது. கதவைத் திறந்தவரிடம், “மன்னிச்சிருங்க சார், அங்க யாருமே இல்லன்னு நெனச்சுட்டேன்” என்றார்.

“என் வாசல்ல நின்னுகிட்டு, நான் இல்லன்னு நெனச்சியா?” மேனேஜருக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு. “போகட்டும் விடு. இப்ப தினமும் அவளே ஒண்ணு எண்ணிக் குடுக்கறா. திருட்டு பயமில்லாம தின்ன ருசியாத்தான் இருக்கு.”

எட்டு மாதத்தில் தெரு மாறியது. பூந்தொட்டிகள் வாசலை விட்டு விலகி நின்றன. முக்கில் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு திண்டு. திறந்த அன்றே சந்தைப் பை, தண்ணீர்க் கேன், தூங்கும் குழந்தை என்று தெருவின் பாரமெல்லாம் அதில் ஏறிவிட்டது.

சிலிண்டர்காரர் தோளில் சுமையோடு வந்து பார்த்தார். ஓரத்தில் இரண்டு சாண் இடம் இருந்தது. “கொஞ்சம் நகருங்கம்மா” என்று தோளைச் சாய்த்தார்.