வலப்பக்கத்து வாள்

ஆறு ஆண்டுகள் வாய்மூடி இருந்தது போதும். தங்கராசா இறந்த செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை மதிய உணவு வேளையில், நூதனசாலைப் பணியாளர் அறைக்குத் தொலைபேசியில் வந்தது. ரெக்ஸ்டேல் பகுதியில், தன் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். வயது நாற்பத்துநான்கு. என்னிலும் ஐந்து வயது இளையவர்.

நமது தமிழ்ச் சங்கத்தில் உங்களில் பலருக்கு அவரை நாடக மேடை கட்டித்தந்த தச்சராகத் தெரியும். நூதனசாலையில் அவர் காட்சிப் பொருள்களை அமைக்கும் பிரிவில் வேலை செய்தார். நான் அதே கட்டடத்தில் காவலாளி. கொழும்பில் பன்னிரண்டு வருடம் லத்தீன் படிப்பித்தவனுக்கு இந்த நகரம் ஏன் சீருடை மாட்டியது என்பதை இன்றைக்கு எழுதப் போவதில்லை, மறக்கவும் போவதில்லை.

ரோமர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குறுவாள் இருக்கிறது. கிளாடியஸ். இரண்டடி நீளம், இருபுறமும் கூர், குத்துவதற்கென்றே அமைந்த முனை. படைவீரர்கள் ஏந்தியது, கிளாடியேட்டர்களுக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான். பக்கத்தில் ஆளுயரப் படைவீரன் பொம்மை. அதன் மரவாளைச் செதுக்கி, வலது இடுப்பில் கட்டியவர் தங்கராசா.

வலக்கைக்காரன் வாளை இடப்பக்கத்திலிருந்துதான் உருவுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், பொம்மையில் வாள் பக்கம் மாறியிருக்கிறது என்று லத்தீன் மேற்கோள்களோடு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். துறைத்தலைவர் வாசித்துவிட்டு என்னை மேல்மாடிக்கு அழைப்பார் என்று நம்பினேன். அவருடைய அறைக்கு அருகில்தான் தங்கராசாவின் பட்டறை. துறைத்தலைவரிடம் கொடுத்துவிடும்படி தங்கராசாவிடம் நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மதியம் கடிதத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. நானும் முதல் இடப்பக்கம்தான் கட்டினனான்" என்றார்.

குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாக இடக்கையில் பிடித்து, வாளாக ஓர் அடிமட்டத்தை, தச்சரின் அளவுகோலை, இடது இடுப்பில் செருகினார். வலக்கையைக் குறுக்கே கொண்டுபோனார்; மூடி தடுத்தது. அடிமட்டத்தை வலப்பக்கம் மாற்றினார். உள்ளங்கையை வெளிப்புறம் திருப்பிப் பற்றி, மேலே இழுத்தார். வாள் குட்டை என்பதால் ஒரே இழுவையில் வந்து, முனை என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"உங்கட லத்தீனுக்குத் தோள்மூட்டு இல்லை, மாஸ்டர்."

மற்றக் காவலாளிகள் சிரித்தார்கள். நான் எழுந்து போய்விட்டேன்.

அன்று மாலையே என் அறையில் சட்டி மூடியும் அகப்பையுமாக நின்று செய்து பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து வரவில்லை. ஆனாலும் என் கடிதத்தை அமுக்கியவன் என்று அவரைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன். உங்களில் சிலரிடமும் சொன்னேன். அவரோ என்னைக் காணும் காலைகளிலெல்லாம், "இண்டைக்கும் கோவமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மூன்று வருடங்களுக்கு முன், சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோமர் கூடத்தை விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் படிப்பை ஒருவழியாகக் கண்டுகொண்டார்கள் என்று நினைத்தேன். தங்கராசாவின் உடல் வைத்திருந்த ஈமச்சாலையில்தான் துறைத்தலைவர் சொன்னார்: தங்கராசா நான்கு தடவை தன்னிடம் வந்து, கீழே நிற்கிற மனிதர் ஓர் ஆசிரியர், அவரை வாசலில் நிறுத்தி வீணாக்காதீர்கள் என்று கேட்டாராம்.

அந்த வகுப்பை நான் மூடியையும் அடிமட்டத்தையும் வைத்தே தொடங்குவது வழக்கம். யார் காட்டித்தந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நேற்றுச் சொன்னேன். பிள்ளைகள் அவர் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி திருப்பிச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் எழுந்து உள்ளங்கையைத் திருப்பி, இல்லாத வாளை வலப்பக்கத்திலிருந்து உருவினார்கள். ஒருவரும் பிழைவிடவில்லை. அந்தக் கைத்திருப்பம் என்னிடம் இருக்கிறது. இனி அவர்களிடமும் இருக்கும்.

இதன் கீழே என் பெயரை எழுதிப் பார்த்தேன். அது நின்றால் நீங்கள் தங்கராசாவை விட்டுவிட்டு, இவனுக்கு இப்போது யாரோடு பிணக்கு என்று என்னைப் பேசுவீர்கள். யார் எழுதியது என்று சிலர் ஊகிக்கலாம், ஊகிக்கட்டும். இந்தத் தாளில் ஒரு பெயர் போதும். என்னுடையதை வெட்டிவிட்டு, சங்கச் செய்தி மடலுக்குத் தபாலில் போடுகிறேன்.